வியர்வையை வெளிவிடும் காப்புடை
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உழவு வேலை குறைந்த மாதங்களில் நம் கிராமத்தார் பலர் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குச் செல்லுகின்றனர். அங்கு ஆட்டுத்தோலின் உரோமத்தை நீக்கும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் மனிதத் தோலையும் விட்டுவைப்பதில்லை. ஆனால், சித்திரை வெயிலில் ரப்பர் மேலங்கியை எவ்வளவு நேரம் அணிய இயலும்? வியர்வை பெருகவே, தொழிலாளி அதைக் கழற்றிவிடுகிறார். கழற்றி வைத்த உடை யாரைக் காக்கும்?

விஞ்ஞானம் இதற்கு வழி கண்டுள்ளது. நுண்துளைப் படலம் ஒட்டிய துணியில் நீர்த்துளி புகாது. வியர்வையின் ஆவியோ வெளியேறும். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில், மருத்துவப் பணியாளரின் உடைகளில் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று கோயம்புத்தூர் சிட்ரா ஆராய்ச்சி நிலையம் சோதித்தது. அவ்வாறே, கையாளும் இரசாயனத்தைத் தாங்கும் என்ற சோதனைச் சான்றுள்ள துணியையே தோல் தொழிலாளருக்கும் வாங்குதல் வேண்டும். கையுறையும் பூட்ஸும் ரப்பராகவே இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. சல்பைடுக் கழிவுநீர் அமிலக் கழிவுடன் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தோன்றும். முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தால் முகரும் உணர்வை மழுக்கி உயிரைப் பறிக்கும். மூச்சின் வழியே புகும் இதனை உடை மட்டும் தடுக்காது. காற்றைச் சோதியாமலும், சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் இன்றியும் எவரும் தொட்டிக்குள் இறங்கலாகாது. விழுந்தவரைத் தூக்கக் குதிப்பவரும் மாள்வர்.

ஒருநாள் கூலிக்கு ஓர் உயிர் ஈடாகாது. இதனை அடுத்த கிராம சபையில் எடுத்துரைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.