ஊரில் இடம் இல்லை, காலனியில் உரிமம் இல்லை

(வேப்பந்தட்டையில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்புக் கூட்டத்தில் மெக்கானிக் கடையைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு தோழர் கேட்டார். பெரம்பலூர் – ஆத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். பஞ்சர் கடை, டிராக்டர் பட்டறை, வெல்டிங் கடை, வாட்டர் சர்வீஸ். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பகுதி இது. டிராக்டர் நின்றால் எல்லாம் நிற்கும். அந்தக் கடைகளில் ஸ்பேனர் பிடிப்பவர் யார், கடைக்காரர் யார், கடை இருக்கும் இடம் யாருடையது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் மூன்று கேள்விக்கும் மூன்று சாதி பதிலாக வரும்.

நான் மனு எழுதிக் கொடுக்கிறவன். அதனால் சட்டத்தைத் தாளில்தான் சந்திக்கிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 160ஆவது பிரிவு, இயந்திரம் நிறுவ அனுமதி வேண்டும் என்கிறது. நகராட்சி என்றால் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம். அது 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் 2016 வகைப்பாட்டில் வாகனப் பழுதுநீக்கம் ஆரஞ்சு நிறப் பட்டியலில் இருந்தது. எந்தத் தாளிலும் சாதி என்ற சொல் கிடையாது. விண்ணப்பத்தோடு வாடகை ஒப்பந்தமும் சொத்து வரி ரசீதும் கேட்பார்கள், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்தில்தான் நம் தம்பி ஒருவர் நின்றுபோனார். பதினொரு வருடம் அடுத்தவர் பட்டறையில் வேலை பார்த்தவர், சொந்தக் கடை வைக்க நினைத்தார். மெயின் ரோட்டில் காலிக் கடை இருந்தது. "எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார்கள். தெருப் பெயரைச் சொன்னதும், அந்தக் கடையை மருமகனுக்குப் பேசியாகிவிட்டது என்றார்கள். மூன்று இடத்தில் மூன்று மருமகன்கள்! சரி, காலனியில் வீட்டு வாசலிலேயே வைக்கலாம் என்று போனால், அது வீட்டுமனைக்குக் கொடுத்த பட்டா, குடியிருப்புப் பகுதி, கம்ப்ரஷர் வைக்கக் கூடாது என்று பதில்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய ஆயில் மண்ணில் இறங்கினால் கிணறு கெடும், பெயிண்ட் புகை குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகும். ஆனால் சத்தமும் அழுக்கும் உள்ள தொழிலை ஊருக்கு வெளியே தள்ளு என்பதுதானே மண்டலப் பிரிப்பின் கணக்கு? நம் கிராமங்களில் ஊருக்கு வெளியே இருப்பது என்ன? சேரி. சொந்தக் கடை வைக்கக் குடியிருப்பு என்று தடுக்கப்படும் அதே இடம், ஊரின் குப்பையைக் கொட்டும்போது மட்டும் குடியிருப்பாகத் தெரிவதில்லை.

1880இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு விதி போட்டது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். தீ விபத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாத சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. 1886இல் யிக் வோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுத்தில் பாகுபாடு இல்லாவிட்டாலும் அமலாக்கத்தில் இருந்தால் அது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் அந்த அளவுக்குக்கூட நேரடியாக மறுக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இடம் தராமல் இருந்தாலே போதும், விண்ணப்பமே வராது. மறுத்ததாக ஒரு தாள்கூட மிஞ்சாது.

கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், 6 விழுக்காடு வட்டிச் சலுகை. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "கடை எங்கே?"

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. தொழில் உறவு கொள்ள மறுப்பதும் அந்த வரையறைக்குள் வரும். ஆனால் மருமகன் கதையை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? அதனால் வழக்கை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். சாலையோரத்தில் அரசு நிலம் இருக்கும் இடங்களில் ஆயில் தொட்டியும் மின் இணைப்பும் உள்ள பொதுப் பட்டறைக் கூடம் கேட்போம். பட்டியல் சாதி இளைஞர்களுக்கு அதில் ஒதுக்கீடு கேட்போம். வீட்டு உரிமையாளரின் சம்மதத் தாளுக்குப் பதில் அந்தக் கூடத்தின் ஒதுக்கீட்டு ஆணையை ஏற்கச் சொல்வோம். இருசக்கர வாகனத்துக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரையும் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையையும் ஒரே தட்டில் நிறுத்தாதே என்போம்.

அதற்கு முன் கணக்கு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான் கட்டணம். நம் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பட்டறைகளுக்கு அனுமதி தந்தார்கள், அதில் காலனி முகவரி எத்தனை, எத்தனை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, என்ன காரணம், ஊராட்சிக்குச் சொந்தமான கடைகள் யார் குத்தகையில் இருக்கின்றன என்று ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். நகல்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊராட்சியின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.