நோய்க் கணக்கும் கடைமடை மக்களும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தலைமதகில் நீரின் அளவைப் பார்த்துவிட்டுப் பாசனம் நிறைவாக நடந்தது என்று நாம் சொல்வதில்லை. கடைமடை வயல் நனைந்த பின்னரே அவ்வாறு சொல்வோம். நோய்த் தடுப்புக்கும் இதுவே அளவுகோலாகும்.

தொற்றுநோய் பரவும் விதத்தைக் கணித வழியில் முன்னரே அறியும் முறை நம் நாட்டோடு தொடர்புடையது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். கொசுக்களை அடியோடு அழிக்க இயலாவிடினும், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் மலேரியா நிலைக்காது என்று அவர் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவருடன் 1927-இல் வெளியிட்ட ஆய்வு, 1905-06-இல் பம்பாயில் பிளேக் நோயால் நேர்ந்த சாவுகளின் ஏற்ற இறக்கத்தோடு பெரிதும் ஒத்திருந்தது.

இக்கணக்கு நமக்கு எவ்வாறு பயன்படும்? தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். காப்பு இல்லாத மக்களிடையே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அந்நோயைத் தரக்கூடும். 15 பேர் என்று கொள்வோம். அவர்களில் 14 பேருக்குக் காப்பு இருப்பின் நோய் பெருக வழியில்லை. இது நூற்றுக்கு ஏறத்தாழ 93 ஆகும். தடுப்பூசி சிலருக்குப் பலிக்காமையும் உண்டாதலால், 95 பேருக்கேனும் இரு தவணை போடவேண்டும் என்பர்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஓர் ஊராட்சியில் 400 குழந்தைகள் உள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் இருக்கும் 360 பேருக்கும் ஊசி போட்டாயிற்று. ஒதுக்குப்புறக் குடியிருப்பில் உள்ள 40 பேரில் 20 பேருக்கே போட்டிருக்கிறது. மொத்தம் 380, அதாவது நூற்றுக்கு 95. ஏட்டில் குறையில்லை. ஆயினும், அக்குழந்தைகள் பெரும்பாலும் தம்முள் கூடி விளையாடுபவர்கள். அங்கே ஒரு குழந்தைக்கு நோய் கண்டால், காப்பற்ற 20 பேரில் பெரும்பாலோரை அது பற்றும். ஊட்டக்குறைவு உள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை உயிரையே பறிக்கக்கூடும். சராசரி எண் ஏழையின் இன்னலை மறைத்துவிடுகிறது. குடியிருப்புவாரியாகக் கணக்கிட்டால், செவிலியரை முதலில் எங்கே அனுப்புவது என்பது விளங்கும்.

ஆனால், ஏட்டில் இல்லாத குழந்தையை எந்தக் கணக்கும் அறியாது. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்து தங்கும் குடும்பங்கள் பலமுறை விடுபட்டுப் போகின்றன. அவர்கள் நம் ஊரின் வாக்காளர் அல்லராயினும், அவர்களுடைய குழந்தைகள் நம் பொறுப்பே ஆவர்.

ஆகவே, உறுப்பினர்களுக்கு நாம் வேண்டுவது இதுவே. கிராம சுகாதாரச் செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் அமர்ந்து, குடியிருப்புவாரியாகப் பட்டியல் எழுதுங்கள். 9 மாதம் நிறைந்ததும் முதல் தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் தவணையும் பெற்றனரா என்று பாருங்கள். கிராம சபையில் மொத்த எண்ணை மட்டும் படிக்காமல், மிகக் குறைந்த குடியிருப்பின் எண்ணை முதலில் படியுங்கள். அது உயர்ந்தாலன்றி ஊர் காப்புப் பெற்றதென்று நாம் சொல்லுதல் கூடாது.