லிமா நகரத்துப் பெருஞ்சதுக்கம்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் மாகடலை அடுத்துக் கிடக்கும் நாடு பெரு. அதன் தலைநகர் லிமா. நான் அந்நகருக்குச் சென்றது 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நமக்கு வெயில் காயும் அம்மாதம் அங்கே குளிர்காலம். வானம் முழுவதும் சாம்பல் நிற மூட்டம், மழையோ இல்லை. கரையோரமாக ஓடும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் விளைவு அது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் நம் ஊரில் ஒரு நாள் மாலை பெய்வதற்கு ஈடாகாது. ஆகவே பழைய வீடுகளுக்கெல்லாம் தட்டைக் கூரைகளே. பனித்துளி போன்ற ஈரம் முகத்தில் படிய, நண்பகலுக்குச் சற்று முன்பு நான் அந்நகரின் பெருஞ்சதுக்கத்தில் வந்து நின்றேன்.

பிளாசா மயோர் என்பது அதன் பெயர். பெரிய சதுக்கம் என்பதே பொருள். நெடுங்காலம் அதனைப் பிளாசா தே ஆர்மாஸ், அதாவது படைக்கலச் சதுக்கம், என்றும் அழைத்து வந்தனர். நடுவிலே வெண்கல நீரூற்று. வடக்கே குடியரசுத் தலைவரின் அரசு மாளிகை. அதன் முதுகுப்புறத்தே ரீமாக் ஆறு. கிழக்கே பேராலயமும், அதனையொட்டிப் பேராயரின் மாளிகையும். மேற்கே நகராண்மை மாளிகை. தெற்கிலும் மேற்கிலும் வளைவுகள் தாங்கிய நடைக்கூடங்கள். ஒன்றுக்குப் பொத்தான் செய்வோர் பெயர், மற்றொன்றுக்கு ஆவணம் எழுதுவோர் பெயர். பேராயர் மாளிகையின் முகப்பிலே, வேலைப்பாடமைந்த மரப்பெட்டி போன்ற மூடிய மாடங்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருப்போர் பார்க்க இயலாது. இவற்றையெல்லாம் கண்டு, நானூறு ஆண்டுப் பழமைக்கு நடுவே நிற்கிறோம் என்றுதான் நானும் எண்ணினேன்.

ஆனால் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. அந்தப் பேராயர் மாளிகை 1924-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அரசு மாளிகையின் இன்றைய முகப்பு 1938-ஆம் ஆண்டினது. நகராண்மை மாளிகை அதற்கும் இளையது, 1944. பழைய பாணியைப் பின்பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுப்பிய கட்டடங்கள் அவை. பழமையை நாடி வந்தவன் சற்று ஏமாற்றமடைந்தேன் என்பதை மறைப்பானேன்! சதுக்கத்தில் உண்மையாகவே பழையது, 1651-ஆம் ஆண்டில் சல்வதியேரா பிரபு என்னும் அரசப் பிரதிநிதியின் காலத்தில் நிறுவிய அந்த நீரூற்றுத்தான்.

பேராலயமோ எனில், அதன் கதை தனி. லிமா நில நடுக்கங்களுக்கு இலக்கான ஊர். 1687-ஆம் ஆண்டில் ஒன்று. 1746-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரவு அதனினும் கொடியது மற்றொன்று. நகரில் இருந்த ஏறத்தாழ 3,000 வீடுகளில் 25 மட்டுமே நின்றன என்று அக்காலத்தார் எழுதி வைத்தனர். அருகிலிருந்த கல்லாவோ துறைமுகத்தை அதே இரவில் கடல் கொண்டுபோயிற்று. பிறகு பேராலயத்தைச் செப்பனிட்டபோது, மேல் வளைவுகளை மரச் சட்டங்களும் நாணலும் கொண்டு அமைத்து, மேலே சாந்து பூசிவிட்டனர். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் கல்லாலான வளைவுகளாகவே தோன்றும். நாணலும் மண்ணும் கலந்து கட்டும் முறைக்குக் கின்ச்சா என்று பெயர். ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்நாட்டு மக்கள் கையாண்ட முறை அது. நிலம் ஆடும்போது கல் உடையும். நாணல் வளைந்து கொடுக்கும். கற்கோயில் கட்ட வந்தவர்கள் இறுதியில் உள்ளூராரின் நாணலைச் சரணடைய நேர்ந்தது.

அப்படியாயின், அச்சதுக்கத்தில் எல்லாவற்றினும் பழையது எது? அதன் அளவுதான். 1535-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் பிரான்சிஸ்கோ பிசாரோ அங்கே புதிய நகரொன்றுக்கு அடிகோலினார். சதுரங்கப் பலகை போல நீளத்தில் 13, அகலத்தில் 9 என 117 கட்டங்களாக நிலத்தை வகுத்து, ஆற்றையொட்டிய ஒரு கட்டத்தைத் திறந்த வெளியாக விட்டுத் தம் மாளிகைக்கும் கோயிலுக்கும் அதன் ஓரங்களில் இடம் ஒதுக்கினார். குழந்தை ஏசுவை வணங்க வந்த மூன்று அரசர்களின் திருநாளை ஒட்டி இடம் தேர்ந்தமையால் அரசர்களின் நகரம் என்று பெயரிட்டனர். அப்பெயர் ஏட்டில் நின்றது. மக்கள் வாயில் நின்றதோ ரீமாக் என்பதன் திரிபாகிய லிமா. பேசுவது என்று அச்சொல்லுக்குக் கெச்சுவா மொழியில் பொருள்.

கட்டங்கள் வகுத்த நிலம் வெற்று நிலமன்று. ரீமாக் பள்ளத்தாக்கில் வாய்க்கால்கள் ஓடின, வயல்கள் விளைந்தன. இன்கா பேரரசின்கீழ்த் தவுலிச்சுஸ்கோ என்பவர் அங்கே தலைவராக இருந்தார். குராக்கா என்பது அத்தலைமைக்குப் பெயர். பிசாரோ வந்தபோது அவர் முதியவர். அவருடைய மனையிடத்திலேதான் பிசாரோவின் மாளிகை எழுந்தது என்பது அவ்வூர் வரலாற்றாசிரியர் பலர் கருத்து. நகரத்தார் பெருகப் பெருக வயல்கள் கைமாறின. அவருடைய குடிகள் மக்தலேனா என்னும் வேறொரு குடியிருப்புக்கு அகற்றப்பட்டனர். 1550-களில் அவருடைய மகன் டான் கொன்சாலோ, ஸ்பானியரின் சட்டத்தைக் கொண்டே நியாயம் கேட்க முற்பட்டார். தம் முன்னோர் ஆண்ட நிலம் எது, போனது எவ்வளவு என்று சாட்சிகளை அழைத்து, வாக்குமூலம் எழுதச் செய்தார். அந்த ஏடுகள் இன்றும் உள்ளன. போன நிலந்தான் மீளவில்லை.

பிசாரோவும் அம்மாளிகையில் நெடுநாள் வாழவில்லை. அவருடைய கூட்டாளியாயிருந்து பகைவரான அல்மாக்ரோ 1538-இல் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, அல்மாக்ரோவின் கட்சியார் 1541-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் இச்சதுக்கத்தைக் கடந்து சென்று அவரை வெட்டி வீழ்த்தினர். பேராலயத்தில் நெடுங்காலம் ஓர் உலர்ந்த உடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பிசாரோ என்று காட்டி வந்தனர். 1977-ஆம் ஆண்டில் நிலவறையைச் செப்பனிட்டவர்கள் பெயர் பொறித்த ஈயப் பெட்டியொன்றைக் கண்டெடுத்தனர். உள்ளே ஒரு மண்டையோடு. அருகே கிடைத்த எலும்புகளையும் அதனையும் அறிஞர்கள் ஒப்பிட்டு, வெட்டுக் காயங்களையும் ஆராய்ந்து, இவரே பிசாரோ என முடிவு கட்டினர். கண்ணாடிப் பேழையில் அத்தனை காலம் கிடந்து மரியாதை பெற்றவர் வேறு யாரோ!

பிறகு வந்த மூன்று நூற்றாண்டுகளில் அவ்வெளியில் நிகழாதது ஒன்றில்லை. சந்தை கூடிற்று, காளைப்போர் நடந்தது, தூக்குமரம் நின்றது. 1639-ஆம் ஆண்டில் சமய விசாரணை மன்றத்தார் அங்கே மேடையிட்டுத் தீர்ப்புரைக்க, பத்துக்கு மேற்பட்டோர் தீயிலிடப்பட்டனர். 1821-ஆம் ஆண்டு சூலை 28-ஆம் நாள் அதே வெளியில் மேடையேறிய சான் மார்த்தின் என்னும் தளபதி, பெரு இனி விடுதலை நாடு என்று முழங்கினார். அடுத்த மாதமே பழங்குடியினர் செலுத்தி வந்த தலைவரியை நீக்கி, அவர்களைப் பெரு நாட்டார் என்றே அழைக்கவேண்டும் என்று ஆணையிட்டார். மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்கவேண்டும்: அவ்வரி 1826-இல் வேறு பெயரில் திரும்பி வந்தது, ஒழிந்தது 1854-இல். அடிமை முறையும் அவ்வாண்டில்தான் ஒழிந்தது. மேடையில் சொன்ன சொல் வீடு போய்ச் சேர 33 ஆண்டுகள் ஆயின.

இனி, ஒரு குதிரையின் கதை. நகரின் நானூறாம் ஆண்டு விழாவின்போது, 1935-இல், குதிரைமீதமர்ந்து வாளேந்திய பிசாரோவின் வெண்கலச் சிலையைப் பேராலயத்தின் முன்பு நிறுத்தினர். ரம்சி என்னும் அமெரிக்கச் சிற்பி வடித்தது அது. 1952-இல் அதனை அரசு மாளிகையின் பக்கத்துச் சிறு வெளிக்கு மாற்றினர். நாட்டை வென்றவனுக்கு நடுநகரில் சிலையா என்ற குரல் வலுக்க, 2003-இல் அங்கிருந்தும் எடுத்துவிட்டு, மறு ஆண்டில் ஆற்றோரப் பூங்காவொன்றில் வைத்தனர். 2025-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள், நகரின் 490-ஆம் பிறந்தநாளன்று, நகரத் தலைவர் அதனை மீண்டும் கொணர்ந்து, நகராண்மை மாளிகையை ஒட்டிய சாந்தா ரோசா சந்தில் நிறுத்தினார். நகரை நிறுவியவர் திரும்பினார் என்று சிலர் மகிழ்ந்தனர்; பழங்குடி மக்கள் சார்பில் கண்டனமும் எழுந்தது. இரண்டு தரப்பினரும் ஸ்பானிய மொழியிலேயே வாதிட்டிருப்பர் என்று எனக்குத் தோன்றியது.

அதே சந்தில் 1985-ஆம் ஆண்டிலிருந்து வேறொரு நினைவுச் சின்னமும் உண்டு. தவுலிச்சுஸ்கோவுக்காக நட்ட கல் அது. அவருடைய முகம் எப்படி இருந்ததென்று யாரும் வரைந்து வைக்கவில்லை. ஆதலால் சிலையில்லை, செங்குத்தாக நிற்கும் உருவமற்ற கல் மட்டுமே.

நான் அங்கே சென்றபோது அரசு மாளிகையின் முன்றிலில் காவலர் மாறும் வாத்திய ஒலி கேட்கத் தொடங்கியிருந்தது. சந்தில் நின்றிருந்தவர்களிற் பலர் அதனைக் காண விரைந்தனர். பள்ளிப் பிள்ளைகள் சிலர் மட்டும், குதிரைக்கு முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டபின், தம் ஆசிரியை அழைக்க, கையில் குறிப்பேட்டுடன் கல்லை நோக்கி நடந்தார்கள்.