காவலாளியின் கை



சென்ற மழைக்காலத்தில் எமது பாடசாலையின் ஒன்பதாந் தர மாணவனொருவன் டெங்குக் காய்ச்சலால் நலிந்து, பதினொரு நாள் கழித்து வகுப்புக்கு மீண்டான். உடலின் காவற்கலங்களைப் பற்றி அத்தவணையிற்றான் படித்திருந்தான். "ஐயா, காவலுக்கு அத்தனை பேர் நின்றும் வைரசு எப்படி உள்ளே போனது?" என்று கேட்டான். நானோ கலைப்பட்டதாரி. விடைக்காக நூல்களைத் தேடவேண்டியதாயிற்று.

தோலின் உட்படையிலே கிளைவிட்ட மரம்போன்ற கலங்கள் உறைகின்றன. அந்நியக் கிருமியைப் பிடித்து நிணநீர்க்கலங்களுக்குக் காட்டிக்கொடுப்பது அவற்றின் தொழில். அதற்கு இரு கலங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளல் வேண்டும். பற்றும் கையாக அமைந்த ஒட்டுமூலக்கூறொன்றை 2000ஆம் ஆண்டிலே ஒல்லாந்து ஆய்வாளர் விவரித்து, டீசி-சைன் எனப் பெயரிட்டனர்.

இக்கைக்கு ஒரு பலவீனம் உண்டு. மனோசு என்னும் வெல்லத்தைக் கண்டால் அதனையும் பற்றிக்கொள்ளும். நுளம்பின் உடலிற் பெருகிய டெங்கு வைரசோ அவ்வெல்லம் மிகுந்த போர்வையுடனேயே நம் தோலுள் இறங்குகிறது! 2003இல் ஆய்வுகூடத்திலே இக்கையை எதிர்ப்பொருளால் மூடியபோது தொற்றுத் தடைப்பட்டது. கையே வைரசை உள்ளே அழைத்துச் செல்கிறது என்று எண்ணிவிடலாகாது. அது பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. பின்னர் கலம் தன் மென்சவ்வை உட்குழித்து வைரசை விழுங்க, உள்ளேயுள்ள அமிலத்தில் வைரசின் புறவுரு மாறி, அதன் பரம்பரைப் பொருள் கலத்துள் வெளிப்படுகிறது.

"அப்படியானால் அந்தக் கையை மூடிவிடலாமே, ஐயா?" என்றான் மாணவன். நல்ல கேள்விதான். ஆனால் அது காவலாளியின் சொந்தக் கை; கடமைக்கும் வேண்டியது. மேலும், வைரசு பற்றிக்கொள்ள வேறு கைகளும் உள. டெங்குவுக்கெனத் தனியான வைரசெதிர் மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டனர். கண்டி மாவட்டமும் தப்பவில்லை. மகாவலிக் கரையில் மழைக்கென்ன பஞ்சம்? ஒரு சிரட்டைத் தண்ணீர் நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரமே செல்லும். ஆதலால் வெள்ளி தோறும் பாடசாலையின் கூரைப்பீலிகளையும் தயிர்ச்சட்டிகளையும் சோதிக்கிறோம். பீலிக்கு ஏணி வைப்பது ஆசிரியர், கீழே நின்று, "அந்த மூலை, சேர்!" என்று சுட்டிக்காட்டுபவன் அதே மாணவன்.