தஞ்சோங் துவானில் கரையேறும் தேன் பருந்துகள்



மரஞ்சீவும் நமக்கு வெயில் ஏறுமுன் வேலை நடந்தாக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். வெயில் ஏறினால்தான் பிழைப்பு என்றிருக்கும் பறவையொன்றைப் பற்றி இன்று பேசுவோம். அதன் பெயர் தேன் பருந்து. மலாயில் லாங் லெபா என்பர்.

ஜப்பான், சைபீரியா முதலிய குளிர் நாடுகளில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, பனிக்காலத்தைக் கழிக்க நம் நாட்டுக்கும் சுமத்ரா, ஜாவா தீவுகளுக்கும் வருகின்றது. வடக்கே வசந்தம் பிறக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான நாள்களில் தாயகம் திரும்புகின்றது. சுமத்ராவிலிருந்து புறப்படுபவை மலாக்கா நீரிணையை அதன் குறுகிய பகுதியில் கடக்கின்றன. அக்கரையில் ரூப்பாட் தீவு. இக்கரையில் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனை. இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடல்.

கடந்த மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் தோட்டத்தார் சிலர் வேன் பிடித்து அங்குச் சென்றோம். காட்டினூடே ஏறும் பாதை 1863 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தில் முடிகின்றது. குழந்தைகளும் நடக்கலாம், சோற்றுப் பொட்டலத்தை மட்டும் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டும். பத்து மணி வரை கடல்மேல் ஒன்றுமில்லை. "காக்கையைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றார் உடன்வந்த பெரியவர். பதினொரு மணிக்குமேல் அடிவானத்தில் கரும்புள்ளிகள் தோன்றின. பிறகு பெரியவர் வாய் திறக்கவில்லை.

தரை சூடேறினால் காற்று மேலெழும். சிறகை விரித்து அக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சறுக்கிச் செல்வதே பருந்தின் வழக்கம். அதனால் உடல்வலிமை அதிகம் செலவாவதில்லை. கடல்மேல் அத்தகைய காற்று அரிது. சிறகை அடித்தடித்தே வரவேண்டும். ஆகவே கரை சேரும்போது களைத்து, மரவுச்சியளவு தாழ்ந்து வருகின்றது. சில பறவைகள் முனைக்காட்டில் அமர்ந்து இளைப்பாறுகின்றன. மற்றவை வெப்பக் காற்றில் மீண்டும் உயர்ந்து உள்நாடு நோக்கிச் செல்கின்றன. அந்தச் சிறு காடு இல்லையேல் களைத்த பறவைக்குக் கரையில் கிளையேது?

அத்தகைய வேளையில் உண்டிவில்லுக்கும் அது எளிய இலக்கு. பருந்தென்றால் கோழிக்குஞ்சைத் தூக்கும் என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. எல்லாப் பருந்துக்கும் அது பொருந்தாது. தேன் பருந்தின் முதன்மை உணவு தேனீ, குளவி இவற்றின் கூட்டிலுள்ள புழுக்கள். கொட்டு படாதிருக்க முகத்தைச் சுற்றிச் செதில்போல் நெருங்கிய இறகுகள் அதற்குண்டு. நிரையில் குளவிக் கூட்டைக் கலைத்து வீங்கிய முகத்தோடு வீடு திரும்பியவர்கள் நம்மிடையே இல்லையா? அக்குளவியின் குஞ்சுகளைத் தின்னும் பறவையின்மீது நாம் கல்லெறியலாமா? சட்டமும் அதனைத் தடுக்கின்றது.

மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000 ஆம் ஆண்டில் இம்முனையில் பருந்து காணும் விழாவைத் தொடங்கினர். விழா நாளில்தான் செல்ல வேண்டுமென்பதில்லை. மார்ச் மாதத்தில், மழையில்லாத நாளாகப் பார்த்துப் புறப்படுங்கள். பிற்பகல் மூன்று மணி வரை பறவைகள் வந்துகொண்டிருக்கும். அருகிலுள்ள தோட்டத்தார் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாலும் காணலாம்.