வாளும் விசிறியும்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், சிலம்பம் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். கையிலிருந்த மடக்கு விசிறியைப் படீரென விரித்துக் காட்டி, "ஐயா, சீனரும் ஜப்பானியரும் விசிறியையே ஆயுதமாக்கிச் சண்டையிட்டிருக்கிறார்கள். நம்மவரிடமும் இந்தக் கலை இருந்திருக்கத்தானே வேண்டும்? சங்க இலக்கியத்திலிருந்து ஒரு சான்று எடுத்துக் கொடுங்கள்" என்றார். சான்று உண்டா என்று அவர் கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவருக்குச் சொல்லவேண்டிய விடையையே இன்றைய உரையாக அமைத்துக்கொண்டேன்.

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். அந்நாட்டுப் போர்வீரர்கள் இரும்பு விலாக்களைக் கொண்ட விசிறி ஒன்றை இடைக்கச்சில் செருகியிருந்தனர். 'தெஸ்ஸென்' என்பது அதன் பெயர். இரும்பு விசிறி என்பதே பொருள். பெரியோர் இல்லத்துக்குச் செல்லும்போது நீண்ட வாளை வாயிலிலேயே விட்டுச் செல்லவேண்டும். விசிறியை எவரும் தடுப்பதில்லை. ஆகவே, வாளற்ற கைக்கு அது காவலாயிற்று. மடக்கினால் ஒரு குறுந்தடி. அதைக்கொண்டு வெட்டைத் தடுக்கலாம், மணிக்கட்டில் அடிக்கலாம். விரித்தால் எதிரியின் பார்வையை மறைக்கலாம்.

படைத்தலைவர்களின் கையில் மடங்காத விசிறி ஒன்றும் இருந்தது. அதை 'குன்பாய்' என்பர். படைகளுக்குக் குறிப்புக் காட்டுவதே அதன் வேலை. 1561ஆம் ஆண்டு கவானகாஜிமாப் போரில், உயேசுகி கென்ஷின் குதிரைமேல் பாய்ந்து வந்து வாளை ஓங்க, பாசறையில் அமர்ந்திருந்த டகேடா சிங்கென் அந்த விசிறியாலேயே வெட்டுக்களைத் தாங்கினார் என்பது அந்நாட்டார் போற்றும் கதை. வரலாற்றாசிரியர்கள் ஐயுறினும், அக்காட்சி அக்களத்தில் சிலையாக நிற்கிறது. அதே குன்பாய் இன்று சுமோ மற்போரில் நடுவர் கையில் இருக்கிறது. சீனத்திலோ, பூங்காக்களில் முதியோர் விசிறியை விரித்தும் மடக்கியும் தாய்ச்சிப் பயிற்சி செய்கின்றனர்.

இனி நம் ஊர் விசிறிக்கு வருவோம். நம் ஆற்றங்கரைப் பனையிலிருந்து இளம் ஓலையைக் காம்போடு வெட்டி, பாரம் வைத்து அழுத்திக் காயவிட்டு, வட்டமாக நறுக்கி, ஓரத்தைக் கட்டித் தைத்தால் விசிறி. ஓலையின் காம்பே அதன் கைப்பிடி. சித்திரை வெயிலில் அதன்மேல் தண்ணீர் தெளித்து வீசினால், அந்தக் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஆயினும் அது மடங்காது; இடுப்பில் செருகமுடியாது; ஓங்கி ஒரு அடி அடித்தால் ஓலை கிழியும். மடக்கு விசிறி தோன்றிய நாட்டில் விசிறிப்போர் தோன்றியதற்கும், பனையோலை விசிறி வழங்கிய நாட்டில் அது தோன்றாமற் போனதற்கும் முதற்காரணம் இந்தப் பொருள் வேறுபாடே என்பது என் கருத்து. வீரத்தின் ஏற்றத்தாழ்வு அதில் ஏதுமில்லை.

நம் வட்டாரத்தில் விசிறி அடியோடு ஆயுதமாகவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. என் பாட்டியார் திண்ணையில் அமர்ந்து வீசிக்கொண்டே கதை சொல்வார். உறங்காமல் குறும்பு செய்தால், விசிறியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் முழங்காலில் ஒன்று வைப்பார். மறுகணம் அதே விசிறி அடிபட்ட இடத்துக்குக் காற்று வீசும். நான் அறிந்த தஞ்சை நாட்டு விசிறிப்போர் இதுவே. (சிரிப்பு)

சிலம்ப ஆசான்கள் கற்பிக்கும் கருவிகளை அந்த மாணவரே அறிவார்: நெடுங்கம்பு, மான்கொம்பு, சுருள்வாள், வாள், கேடயம். இவற்றில் விசிறி இல்லை. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார், ஆதலின் சீனர் விசிறியும் நம்முடையதே என்று சுற்றிவளைத்து வாதிடுவோர் உண்டு. சாவோலின் போர்க்கலையை அவரோடு இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்றின் வழியே பெருகியது என்பது ஆய்வாளர் முடிவு. அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் அந்நூலுக்கும் இடையே 1000 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. அத்தனை பெரிய இடைவெளியை ஆசையால் நிரப்பக்கூடாது.

வீட்டுக் கருவி படைக்கலமாகும் கதை நம்மிடம் இல்லாமலில்லை. புலியை முறத்தால் விரட்டிய தமிழ்மகளைப் பற்றி மேடைதோறும் கேட்டிருக்கிறோம். முறம் என்றால் என்னவென்று இந்த நெல்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது பழமொழி. காற்று இல்லாதபோது என் செய்வது? களத்தில் ஒருவர் மேலிருந்து நெல்லைச் சரித்துவிட, மற்றவர் முறத்தால் வீசிக் காற்றெழுப்பிப் பதரைப் பறக்கவிடுவார். ஆகவே முறமும் ஒருவகை விசிறியே. எந்நேரமும் கையிலிருந்த கருவியே இடர் வந்தபோது கைகொடுத்தது என்பதுதான் அக்கதையின் உள்ளீடு. இரும்பு விசிறி ஏந்திய ஜப்பானியரின் நிலையும் அதுவே. அந்த அளவில் இரண்டும் உறவுடையவை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று சொல்ல இடமில்லை.

சங்க இலக்கியத்தில் விசிறும் கையும் வாளும் ஒருங்கே வரும் இடம் ஒன்று உண்டு. புறநானூற்றின் 50ஆம் பாட்டைத்தான் சொல்கிறேன். அந்நூலை 1894இல் முதன்முதலாகப் பதிப்பித்தவர் நம் உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர், அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பது நம் மண்ணுக்குப் பெருமை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு மோசிகீரனார் வருகிறார். வீரமுரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். அது வீற்றிருக்கும் கட்டிலில் மென்மலர் பரப்பியிருந்தது. இன்ன கட்டில் என்றறியாத புலவர் அதில் ஏறித் துயின்றுவிட்டார். அது வாளால் இருகூறாக்கப்பட வேண்டிய குற்றம். மன்னன் வந்தான்; கண்டான்; வெட்டவில்லை. அருகில் வந்து நின்று குளிர வீசினான்.

கவரி கொண்டு வீசினான் என்று பாட்டின் அடிக்குறிப்பே கூறுகிறது. பாட்டினுள் கருவியின் பெயர் இல்லை. புலவரின் கண் சென்றது வீசிய தோளின்மீது. வலிமை மிக்க, முழவை ஒத்த தோள் என்கிறார். வாளோச்சிப் பழகிய தோள் அது. வெட்டாமல் விட்டதே நீ தமிழை முழுதும் அறிந்தாய் என்பதற்குப் போதுமே, அதனோடும் நில்லாது வீசவும் செய்தாயே என்று வியக்கிறார். தமிழறிவுக்கு அப்புலவர் கண்ட அளவுகோலை நம் வட்டத்தினர் அனைவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

இன்னொரு வேந்தன் கையிலும் ஒரு கவரி இருந்தது. 1827இல், பிரெஞ்சுப் படைகளுக்குத் தந்த தானியத்தின் பழங்கடன் தீராத சினத்தில், அல்ஜியர்ஸ் ஆட்சித்தலைவர் ஹுசேன், பிரெஞ்சுத் தூதரைத் தம் ஈ ஓட்டும் விசிறியால் அடித்தார். அடி வலித்திராது. எனினும் அதைச் சாக்காகக் கொண்டு பிரான்சு துறைமுகத்தை முற்றுகையிட்டது, 1830இல் படையிறக்கியது, அல்ஜீரியா விடுதலை பெற 1962 வரை காத்திருக்க நேர்ந்தது. நாட்டை விழுங்கக் காத்திருந்தவர்க்கு ஒரு விசிறியடியே போதுமானதாயிற்று.

இதனால் தமிழர் அருளாளர், பிறர் கொடியவர் என்று நான் முடிப்பதாக எண்ணவேண்டா. அந்தச் சேரனின் அடைமொழியைக் கேளுங்கள்: தகடூர் எறிந்தவன். அவ்வூரை அழித்த கையும் புலவர்க்கு வீசிய கையும் ஒன்றே. ஜப்பானிய வீரரும் இரும்பு விசிறியைப் பெரும்பாலும் தற்காப்புக்கே கொண்டனர். கருவிக்குக் குணமில்லை, ஏந்துபவன் அந்தக் கணத்தில் எதைத் தெரிந்தெடுக்கிறான் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

தம்பி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் விடை இது: நீங்கள் கேட்ட சான்றை என்னால் தர இயலாது. பிறர் கலையைக் கற்க விரும்பினால் அவர்கள் பெயரைச் சொல்லியே கற்றுக்கொள்ளுங்கள். அதில் நமக்குக் குறைவில்லை. இல்லாத பெருமையைத் தேடுகையில் இருக்கும் பெருமை கண்ணில் படாமற் போகிறது. விசிறியை வாளாக்கிய பாட்டு நம்மிடம் இல்லை. வாள் பழகிய தோள் விசிறிய பாட்டு இருக்கிறது. கம்பு சுழற்றி உரமேறிய உங்கள் தோளுக்கு அதை ஒப்படைக்கிறேன்.