நம் ஊர்க் கவி சுபத்ரா குமாரி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனிப் பிள்ளைகள் ஜான்சி ராணியைப் பற்றிய இந்திப் பாட்டைப் பள்ளியில் உருப்போட்டு வந்து வீட்டில் ஒப்பிக்கின்றனர். நாமோ பாரதியாரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். ஆயினும் அப்பாட்டை இயற்றிய அம்மையார் இதே ஜபல்பூரில் வாழ்ந்தவர் என்பதைப் பல்லாண்டுகள் அறியாதிருந்தோம். இந்தியை ஆபீஸ் காகிதத்திற்கும் காய்கறிக்காரருக்கும் மட்டுமே உரியதாக நாம் வைத்திருந்ததன் பயன் இது.

சுபத்ரா குமாரி சௌஹான் 1904ஆம் ஆண்டு அலகாபாத் மாவட்டத்து நிஹால்பூரில் பிறந்தவர். அலகாபாத்தில் படிக்கையில், கீழ்வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்கு நோட்டில் ஒளித்துக் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்து, விடுதி முழுவதும் அழைத்துச் சென்று காட்டிக்கொடுத்துவிட்டாராம். அச்சிறுமியே பின்னாளில் பெருங்கவியாக விளங்கிய மகாதேவி வர்மா. கணக்கு நோட்டைக் கண்டு பிள்ளைகளை அதட்டும் தந்தையர் இதனைக் கவனிப்பார்களாக!

1919இல் கண்டுவாவைச் சேர்ந்த லட்சுமண் சிங்கை மணந்து, பின்னர் ஜபல்பூரில் குடியேறினார். 1921இல் தம்பதியர் இருவரும் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினர். 1923இல் கொடிப் போர் மூண்டது. ஜபல்பூரில் நகராட்சிக் கட்டிடத்தின்மீது ஏற்றிய சுயராஜ்யக் கொடியைப் போலீசார் இறக்கியதில் பிறந்த கிளர்ச்சி நாகபுரிக்குப் பரவியது. அங்கே கைதான முதல் பெண் சத்தியாக்கிரகி நம் அம்மையாரே. அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. 1942இல் குழந்தைகளுக்குத் தாயான பின்னும் மீண்டும் சிறை புகுந்தார்.

இடையே 1930இல் ‘முகுள்’ என்னும் கவிதைத் தொகுதியும், 1932இல் ‘பிக்ரே மோத்தி’ என்னும் கதைத் தொகுதியும் வெளிவந்தன.

இனி ஒன்று சொல்ல வேண்டும். தம் மகள் சுதாவை, வேறு சாதியினராகிய பிரேம்சந்தின் மகன் அம்ருத் ராய்க்கு மணம் முடித்தபோது, கன்னிகாதானம் செய்ய அம்மையார் மறுத்துவிட்டாராம். மனிதரை மனிதர் தானமாகக் கொடுக்க உரிமை ஏது என்பது அவர் கேள்வி. மகாதேவி எழுதிவைத்துள்ள செய்தி இது. சிறை சென்றதைப் போற்ற நமக்குத் தயக்கமில்லை. அந்தச் சிறை இன்று நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆனால் ஆயிரம் மைல் கடந்து வந்து, பக்கத்து வீட்டாரோடு பண்டமும் பலகாரமும் பகிர்ந்துண்டு, பெண்ணுக்கு வரன் என்றவுடன் குலமும் கோத்திரமும் விசாரித்து ஊருக்குக் கடிதம் போடுகிற நாம், இந்தக் கேள்வியின் முன் வாயடைத்து நிற்கிறோம். இவ்வுரையை எழுதுகையில் இப்பகுதியை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினோம். விடவில்லை.

விடுதலைக்குப் பின் சட்டசபை உறுப்பினராக இருந்த அம்மையார், நாகபுரியிலிருந்து காரில் திரும்புகையில், சிவனி அருகே நேர்ந்த விபத்தில் 1948 பிப்ரவரி 15ஆம் நாள் காலமானார். வயது 43, நம்மில் பலருடைய வயதேதான். மறு ஆண்டு ஜபல்பூர் மக்கள் பணம் திரட்டி நகராட்சி வளாகத்தில் அவருக்குச் சிலை எழுப்பினர். அதைத் திறந்துவைக்க வந்தவர், அன்று கணக்கு நோட்டோடு பிடிபட்ட மகாதேவி.